கலந்து வைத்த மயக்க மருந்து எத்தனை மணி நேரம் தாங்கும்?

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் நம் பகுதியில் இலவச சுன்னத் முகாம்களும், குடலிறக்கம் போன்ற சிறிய அறுவை சிகிச்சைகளுக்கான முகாம்களும் வரிசையாக நடக்கும். டாக்டர்கள் காலையில் வந்து மாலையில் போய்விடுவார்கள். மருந்துக் கடையில் பில் போட்டு வாங்குவது, ஐஸ் பெட்டியில் எடுத்து வருவது, மிச்சமானதை எண்ணி அலமாரியில் வைப்பது எல்லாம் நம் தன்னார்வலர்கள் கையில்தான். மருத்துவம் படிக்காத அந்தச் சகோதரர்கள் அடிக்கடி இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள்.

"முந்தின நாள் இரவே மயக்க மருந்துகளைச் சிரிஞ்சுகளில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், காலையில் நேரம் மிச்சமாகுமே?"

"உடைத்த பாட்டிலில் பாதிக்கு மேல் மீந்துவிட்டது. மூடி வைத்து அடுத்த முகாமுக்கு எடுத்துக்கொண்டால் என்ன?"

இரண்டும் நல்ல எண்ணத்தில் எழும் கேள்விகள். மக்கள் மனமுவந்து கொடுத்த பணத்தில் வாங்கிய மருந்து வீணாகக் கூடாது என்ற கவலைதான் அவர்களைக் கேட்க வைக்கிறது. இரண்டுக்கும் பதில் 'கூடாது' என்பதே. வெறுமனே கூடாது என்று சொன்னால், நெருக்கடி வரும் நேரத்தில் அந்தச் சொல் மறந்துவிடும். காரணம் தெரிந்தால் மறக்காது. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நரம்பில் ஏற்றும் மயக்க மருந்து மூன்று விதமாகக் கெடலாம். மருந்தின் மூலக்கூறே உடைந்து வேறு பொருளாக மாறுவது ஒன்று. மூலக்கூறு அப்படியே இருந்தும், கரைந்திருந்த மருந்து தூளாகப் பிரிந்து விழுவதோ, பால் போலிருந்தது எண்ணெயும் நீருமாகப் பிரிவதோ இன்னொன்று. இவை இரண்டும் நடக்காமலே கிருமி புகுந்து பெருகுவது மூன்றாவது. 'இத்தனை மணி நேரம் கெடாது' என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்.

பால் போன்ற மருந்து

இன்று உலகெங்கும் அதிகம் பயன்படும் நரம்பு வழி மயக்க மருந்து புரோபோஃபால். சிரிஞ்சில் பார்த்தால் பால் போல வெள்ளையாக இருக்கும். மருந்து உண்மையில் ஓர் எண்ணெய். தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. 1977ல் முதன்முதலாக மனிதர்களிடம் சோதித்தபோது, கிரிமோஃபோர் என்ற கரைப்பானில் கரைத்துத்தான் கொடுத்தார்கள். அந்தக் கரைப்பான் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை போன்ற விளைவை உண்டாக்கியதால் அந்தத் தயாரிப்பைக் கைவிட்டார்கள். பிறகு சோயா எண்ணெயில் கலந்து, பால்மமாக மாற்றி, 1986ல் மீண்டும் கொண்டு வந்தார்கள். இந்த மருந்தை உருவாக்கிய ஜான் பி. கிளென் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கால்நடை மருத்துவர். 2018ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது.

ஒரு மில்லி மருந்தில் 10 மில்லிகிராம் புரோபோஃபால், 100 மில்லிகிராம் சோயா எண்ணெய், 22.5 மில்லிகிராம் கிளிசரால், 12 மில்லிகிராம் முட்டை லெசித்தின் இருக்கின்றன. (லெசித்தின் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. கோழி முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து.) லெசித்தினின் வேலை, எண்ணெய்த் துளிகளைச் சுற்றி ஒரு மெல்லிய போர்வையாக நிற்பது. அந்தப் போர்வைக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ஒவ்வொரு துளியும் எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் ஒன்றோடொன்று சேராமல் பால் பாலாகவே இருக்கிறது.

இந்தப் பாலில் வேறொரு மருந்தைக் கலந்தால் என்ன ஆகும்? புரோபோஃபால் நரம்பில் ஏறும்போது கையில் எரிச்சல் எடுக்கும். சிறு பிள்ளைகள் கதறிவிடுவார்கள். அந்த வலியைக் குறைக்க அதிலேயே கொஞ்சம் லிக்னோகெய்ன் கலப்பது பல இடங்களில் வழக்கம். லிக்னோகெய்ன் ஊசி மருந்து சற்று அமிலத்தன்மை உள்ளது. அதன் மூலக்கூறுகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. துளிகளின் எதிர்மின்னூட்டத்தை அவை சிறிது சிறிதாகத் தணித்துவிடும். தள்ளும் விசை குறைந்தால் துளிகள் நெருங்கும், ஒட்டும், ஒன்றாகிப் பெரிதாகும். மோரில் வெண்ணெய் திரளும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது என்பதுதான் சிக்கல்.

ஜப்பானிய மயக்க மருத்துவர்கள் 2003ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 20 மில்லி புரோபோஃபாலில் 5, 10, 20, 40 மில்லிகிராம் என வெவ்வேறு அளவில் லிக்னோகெய்ன் கலந்து கவனித்தார்கள். 40 மில்லிகிராம் சேர்த்த கலவையில் அரை மணி நேரத்திலேயே 5 மைக்ரான் அளவுள்ள பெரிய துளிகள் மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தன. மூன்று மணி நேரத்தில் மேலே நிறமற்ற ஒரு படலம் தனியாகப் பிரிந்து நின்றது. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு கலவையில் புரோபோஃபாலின் அளவே குறைந்துகொண்டு போனது. குறைந்த அளவு லிக்னோகெய்ன் சேர்த்த கலவைகளில் மருந்தின் அளவு மாறவில்லை.

5 மைக்ரான் என்பது ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நுரையீரலின் மிக மெல்லிய ரத்தக் குழாய்களின் உள் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைவிடப் பெரிய எண்ணெய்த் துளிகள் நிறையச் சென்றால் அங்கே அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. நரம்பில் ஏற்றும் கொழுப்புப் பால்மங்களில் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகளில் உள்ள கொழுப்பு மொத்தக் கொழுப்பில் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் தர நூல் விதித்திருப்பது இதனால்தான்.

புரோபோஃபால் தயாரித்த நிறுவனம் தன் குறிப்பேட்டில் லிக்னோகெய்ன் கலப்பதை முற்றிலும் தடுக்கவில்லை. 20 பங்கு புரோபோஃபாலுக்கு, 1 சதவீத லிக்னோகெய்ன் ஒரு பங்கு வரை சேர்க்கலாம் என்று சொல்கிறது. அதாவது 20 மில்லிக்கு 10 மில்லிகிராம். அதையும் ஊசி போடுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் லிக்னோகெய்ன் பெரும்பாலும் 2 சதவீதம். அதே ஒரு மில்லியை ஊற்றினால் 20 மில்லிகிராம் ஆகிவிடும். இரண்டு மில்லி ஊற்றினால் ஜப்பானிய ஆய்வில் பிரிந்துபோன கலவைதான் கையில் இருக்கும். வலியைக் குறைக்கக் கலக்காமலே வழி இருக்கிறது. புறங்கையைத் தவிர்த்து முழங்கை மடிப்பில் உள்ள பெரிய நரம்பில் ஏற்றலாம். அல்லது லிக்னோகெய்னை முதலில் தனியாகப் போட்டு, பிறகு புரோபோஃபாலைப் போடலாம். எதைச் செய்வது என்பது மயக்க மருத்துவரின் முடிவு. அந்த முடிவை முந்தின நாள் இரவே வேறு யாரோ ஒருவர் சிரிஞ்சில் எடுத்துவிடக் கூடாது.

கேட்டமைனோடு சேர்த்தால்

சிறுவர்களுக்கும், சின்ன சிகிச்சைகளுக்கும் கேட்டமைனையும் புரோபோஃபாலையும் ஒரே சிரிஞ்சில் கலந்து கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இரண்டு பெயரையும் சேர்த்து 'கேட்டோஃபால்' என்பார்கள். புரோபோஃபால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், கேட்டமைன் கூட்டும். புரோபோஃபாலுக்கு வலியைப் போக்கும் குணம் இல்லை, கேட்டமைனுக்கு உண்டு. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும் என்பது கணக்கு.

இந்தக் கலவை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கனடாவில் சோதித்து 2008ல் வெளியிட்டார்கள். சரிபாதியாகவும், 30-க்கு 70 என்ற விகிதத்திலும் கலந்து, பாலிப்ரொப்பிலீன் சிரிஞ்சில் மூடி, அறை வெப்பத்தில், வெளிச்சத்திலேயே வைத்தார்கள். மூன்று மணி நேரம் வரை இரண்டு மருந்துகளின் அளவும் குறிப்பிடும்படி குறையவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இப்படிப்பட்ட சோதனையில் கலவையிலிருந்து அவ்வப்போது சில துளிகளை எடுத்து, ஒரு கருவியில் செலுத்தி, ஒவ்வொரு மருந்தும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பார்கள். தொடக்கத்தில் இருந்ததில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் 'நிலையாக இருக்கிறது' என்பது பொதுவான அளவுகோல். அந்த முடிவு அந்த விகிதத்துக்கு, அந்த அடர்த்திக்கு, அந்த வகைச் சிரிஞ்சுக்கு, அந்த வெப்பத்துக்கு, அந்த நேரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மூன்று மணி நேரம் தாங்கியது, அப்படியானால் ஆறு மணி நேரமும் தாங்கும் என்று நீட்டிக்கொள்ள முடியாது. குளுகுளு அறையில் தாங்கியது, மே மாதத்துத் திருமண மண்டபத்திலும் தாங்கும் என்றும் சொல்ல முடியாது. அந்தச் சிரிஞ்சில் கிருமி இருந்ததா என்பதை இந்தக் கருவி பார்ப்பதே இல்லை.

இதில் இன்னொரு சங்கடம், அடர்த்தி. அந்த ஆய்வில் இரண்டுமே மில்லிக்கு 10 மில்லிகிராம். சரிபாதி கலந்தால் ஒவ்வொன்றும் மில்லிக்கு 5 ஆகிவிடும். நம் கடைகளில் கிடைக்கும் கேட்டமைன் குப்பிகளில் பல மில்லிக்கு 50 மில்லிகிராம். நீர்க்காமல் அப்படியே ஊற்றிக் கலந்தால் ஐந்து மடங்கு கேட்டமைன் போய்விடும். கலவை எப்போதும் போல வெள்ளையாகத்தான் இருக்கும். கலந்தவர் ஒருவர், மறுநாள் போடுபவர் இன்னொருவர் என்றால், எழுதாத சிரிஞ்சில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது.

ரெமிஃபென்டானில் என்ற வலி மருந்தைப் புரோபோஃபாலோடு ஒரே சிரிஞ்சில் கலந்தவர்கள் வேறு ஒன்றைக் கண்டார்கள். நேரம் ஆக ஆக இரண்டும் மேலும் கீழுமாக அடுக்குகளாகப் பிரிந்தன என்று 2016ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிரிஞ்சில் மொத்த மருந்து குறையவில்லை. ஆனால் நோயாளிக்கு முதலில் போகும் மில்லியில் இருப்பது ஒன்று, கடைசி மில்லியில் இருப்பது வேறு.

தெளிந்த நீரில் தூள்

சில மருந்துகளைக் கலந்தவுடனேயே கெட்டது தெரிந்துவிடும். தயோபென்டோன் என்ற பழைய மயக்க மருந்து இதற்கு நல்ல உதாரணம். 1934 முதல் மனிதர்களுக்குப் பயன்பட்டு வருவது. பொடியாக வரும், தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டும். அதன் கரைசல் கடுமையான காரத்தன்மை உள்ளது, பி.எச். அளவு பத்துக்கு மேல். காரத்தில்தான் அது கரைந்திருக்கும். தசையைத் தளர்த்தும் மருந்துகளான வெக்குரோனியம், சக்சினைல்கோலின் போன்றவை அமிலப் பக்கம் உள்ளவை. தயோபென்டோன் போட்ட குழாயிலேயே, இடையில் சலைன் விட்டு அலசாமல் இவற்றைப் போட்டால் குழாயில் சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் பிரிந்து நிற்கும். ஊசி அடைத்துக்கொள்ளும். சக்சினைல்கோலினுக்கு இன்னொரு கேடும் உண்டு. காரத்தில் அதன் மூலக்கூறே உடைந்துவிடும்.

கேட்டமைனையும் தயோபென்டோனையும் ஒரே சிரிஞ்சில் எடுக்கக் கூடாது என்று கேட்டமைனின் குறிப்பேடே எச்சரிக்கிறது. அங்கேயும் வீழ்படிவுதான். டயஸிபாம் தண்ணீரில் கரையாது என்பதால் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானில் வைத்திருப்பார்கள். அதைச் சலைனில் ஊற்றியவுடன் கலங்கிவிடுவதைச் செவிலியர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். மிடசோலம் இதில் புத்திசாலி மருந்து. அமிலத்தில் அதன் வளையம் திறந்து தண்ணீரில் கரைகிறது. ரத்தத்தில் சேர்ந்ததும் வளையம் மூடி, கொழுப்பில் கரைந்து மூளைக்குள் போகிறது. அதே குணத்தால், காரத்தன்மை உள்ள எதையாவது சிரிஞ்சிலேயே சேர்த்தால் அது அங்கேயே வெளியே வந்துவிடும்.

தெளிந்த மருந்துகளில் இதைக் கண்ணால் பார்த்துத் தூக்கி எறிந்துவிடலாம். புரோபோஃபால் கலந்திருந்தால் அந்த வாய்ப்பும் இல்லை. உள்ளே தூள் பிரிந்திருந்தாலும் அந்த வெள்ளை எல்லாவற்றையும் மறைத்துவிடும். 'பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது' என்ற வாக்குமூலத்துக்கு இங்கே மதிப்பே கிடையாது.

கிருமிக்கும் அது பால்தான்

வேதியியல் கணக்குப்படி மருந்து நூற்றுக்கு நூறு இருக்கலாம். அப்போதும் ஆள் சாகலாம். புரோபோஃபாலின் வரலாற்றில் மிகக் கசப்பான பாடம் அது.

அமெரிக்காவில் இந்த மருந்து வந்து ஓராண்டு கழிவதற்குள், 1990ல், அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் காரணம் தெரியாத காய்ச்சலும், ரத்தத்தில் கிருமித் தொற்றும், புண்ணில் சீழும் வரத் தொடங்கின. 1990 ஜூன் முதல் 1993 பிப்ரவரி வரை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஏழு மருத்துவமனைகளில் விசாரித்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த மருந்தில் கோளாறு இல்லை. வெவ்வேறு மருத்துவமனையில் வெவ்வேறு கிருமி. பொதுவாக இருந்தது, மருந்தைக் கையாண்ட விதம். நாள் முழுவதுக்கும் வேண்டிய சிரிஞ்சுகளை முன்கூட்டியே நிரப்பி வைத்தது, ஒரே குப்பியைப் பலருக்குப் பயன்படுத்தியது, கையுறை போடாமல் மருந்து எடுத்தது போன்றவை.

சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் நமக்கு உணவென்றால் கிருமிக்கும் உணவுதான். பழைய மயக்க மருந்தான தயோபென்டோனின் காரத்தில் கிருமிகள் பிழைப்பது கடினம். அதைக் கொண்டு பழகிய கைகள், அதே பழக்கத்தைப் புரோபோஃபாலிலும் தொடர்ந்தன. விரல் பட்ட இடத்திலிருந்து சில கிருமிகள் உள்ளே போனால், முதல் சில மணி நேரம் அவை மெதுவாகவே இருக்கும். பிறகு மளமளவென்று பெருகும். முந்தின நாள் இரவு நிரப்பிய சிரிஞ்சு, அவை பெருகுவதற்குத் தேவையான நேரம் முழுவதையும் தூக்கிக் கொடுக்கிறது.

இதற்குப் பிறகு, 1996ல், அமெரிக்கத் தயாரிப்பில் இ.டி.டி.ஏ. என்ற பொருளை 0.005 சதவீதம் சேர்த்தார்கள். அது கிருமியைக் கொல்வதில்லை. பெருகும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. குப்பியைத் திறந்தால் 12 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. எல்லா நிறுவனங்களின் தயாரிப்பிலும் இந்தச் சேர்க்கை இருக்கும் என்று எண்ண வேண்டாம். குப்பியில் ஒட்டியிருப்பதைப் படித்தால்தான் தெரியும்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி பெருகாதே என்பார்கள். வேகம் குறையும், நிற்காது. ஃப்ரீசரில் வைத்தாலோ உறைந்து உருகும்போது எண்ணெய்த் துளிகளின் போர்வை கிழிந்து பால்மமே உடைந்துவிடும். ஐஸ் பெட்டியில் ஐஸ் கட்டியை ஒட்டி வைத்த குப்பிக்கும் இதே ஆபத்து உண்டு.

பாக்டீரியா மட்டும் அல்ல. லாஸ் வேகாஸில் ஓர் எண்டோஸ்கோபி மையத்தில், ஒருவருக்கு மட்டும் என்று எழுதப்பட்ட புரோபோஃபால் குப்பிகளைப் பலருக்குப் பயன்படுத்தியதில் ஹெபடைட்டிஸ் சி பரவியது 2008ல் தெரியவந்தது. ஊசியை மாற்றினார்கள், சிரிஞ்சை மாற்றவில்லை. அந்தச் சிரிஞ்சு மறுபடி குப்பிக்குள் போனது. அந்தக் குப்பி அடுத்த நோயாளிக்குப் போனது. 40,000க்கும் மேற்பட்டவர்களை அழைத்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று.

மீதி மருந்தின் கணக்கு

20 கிலோ எடையுள்ள ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். முழு மயக்கம் கொடுக்கத் தொடக்கத்தில் கிலோவுக்கு இரண்டரை முதல் மூன்றரை மில்லிகிராம் வரை புரோபோஃபால் தேவைப்படும். அப்படியானால் 50 முதல் 70 மில்லிகிராம், அதாவது 5 முதல் 7 மில்லி. ஆம்பூல் 20 மில்லி. பதின்மூன்று மில்லிக்கு மேல் மிச்சம். இன்னும் இரண்டு பையன்களுக்கு ஆகுமே என்று மனம் கணக்குப் போடுவது இயல்புதான். ஆபத்து நுழையும் வாசலும் அதுதான். 10 மில்லி ஆம்பூல் கிடைக்கிற இடத்தில் அதை வாங்கச் சொல்லுங்கள். வீண்செலவைக் குறைக்க நேர்மையான வழி அது. பெரும்பாலான சுன்னத் சிகிச்சைகளுக்கு அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும் ஊசியே போதுமானது என்பதால், எத்தனை பேருக்கு முழு மயக்கம் தேவை என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வாங்கினால் இன்னும் மிச்சமாகும்.

சிரிஞ்சில் நிரப்பிய மருந்துக்கு அமெரிக்க மருந்துத் தர விதிகள் ஓர் எல்லை வகுத்திருக்கின்றன. கிருமியற்ற தனி அறையில் அல்லாமல் நோயாளியின் பக்கத்தில் கலக்கும் மருந்தை, கலக்கத் தொடங்கியதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் செலுத்தத் தொடங்கிவிட வேண்டும். 2023 நவம்பருக்கு முன்பு அந்த எல்லை ஒரு மணி நேரமாக இருந்தது. மருந்தின் குறிப்பேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் குறிப்பேட்டின் சொல்தான் செல்லும். நமக்கு அந்த நாட்டு விதி சட்டமல்ல. ஆனால் வசதியான மருத்துவமனைகளுக்கே நான்கு மணி நேரம் என்றால், மதரஸா வகுப்பறையில் திரை கட்டி நடத்தும் முகாமுக்கு ஒரு இரவு முழுவதும் எப்படிப் பொருந்தும்?

வெயிலும் சேர்ந்துகொண்டால்

புரோபோஃபாலை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. வெளியே 38, 40 டிகிரி அடிக்கும் நாளில் காரின் டிக்கியில் இரண்டு மணி நேரம் இருந்த பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டமைன் வெப்பத்தைத் தாங்கும், ஃப்ரிட்ஜ் தேவையில்லை. தசை தளர்த்தும் மருந்துகளில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

அட்ராகுரியம் என்ற மருந்தைப் பாருங்கள். உடலுக்குள் சென்றதும் ஈரலின் உதவிகூட இல்லாமல் தானாக உடையும்படி வடிவமைத்த மருந்து. தானாக உடையும் குணம் ஆம்பூலுக்குள்ளும் உண்டு. ஃப்ரிட்ஜில் 5 டிகிரியில் வைத்தால் ஓராண்டில் அதன் வீரியம் சுமார் 6 சதவீதம் குறைகிறது. 25 டிகிரியில் வைத்தால் ஒரே மாதத்தில் 5 சதவீதம். அதனால் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் 14 நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும், மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அந்த 14 நாள்தான் என்று குறிப்பேடு சொல்கிறது. சக்சினைல்கோலின் குப்பிக்கும் வெளியே 14 நாள் கணக்கு உண்டு. முகாமுக்கு எடுத்துப் போய்த் திரும்பி வந்த ஆம்பூலை மற்றவற்றோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், எது ஊர் சுற்றி வந்தது, எது வராதது என்று பிறகு தெரியாது. வெளியே எடுத்த தேதியை ஆம்பூல் பெட்டியின் மேல் பேனாவால் எழுதுங்கள். அரை நிமிட வேலை.

முகாம் நாளில் டாக்டர் கலந்து நிரப்பும் ஒவ்வொரு சிரிஞ்சிலும் மருந்தின் பெயர், ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம், நிரப்பிய நேரம் மூன்றும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சீட்டு ஒட்டும் வேலையைத் தன்னார்வலர் செய்யலாம், டாக்டர் சொல்லச் சொல்ல. சீட்டு இல்லாத சிரிஞ்சு யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் கொட்டிவிட வேண்டும்.

கொட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மீந்த மருந்தைக் கழிவுத் தொட்டியிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. 2016ன் மருத்துவக் கழிவு விதிகளின்படி பயன்படாத மருந்து மஞ்சள் பையில் போக வேண்டும். கண்ணாடிக் குப்பிகளுக்கு நீலம், ஊசி இல்லாத சிரிஞ்சுகளுக்குச் சிவப்பு, ஊசிகளுக்குத் துளையாத வெள்ளைப் பெட்டி. கேட்டமைன் போதைப் பொருள் சட்டத்தின் கீழும் வருவதால், எத்தனை குப்பி வந்தது, எத்தனை மில்லி போட்டது, எத்தனை மில்லி கொட்டியது என்று பதிவேட்டில் எழுதி, கொட்டியதைப் பார்த்த இன்னொருவரும் கையெழுத்திட வேண்டும். முகாமுக்கான மருந்துப் பட்டியலைத் தயாரிக்கும்போதே அந்தப் பதிவேட்டையும் நான்கு நிறப் பைகளையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.